அரக்குப் பட்டிழை

இனிமேல் யாருக்கும் கஞ்சி ஊட்ட மாட்டேன் என்று சங்கரி ஆடி மாதமே அறிவித்துவிட்டாள். மாமியார் பொன்னியம்மாளின் காரியம் முடிந்த மறுநாள், மடக்குக் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, கஞ்சி ஊட்டிய பாலாடைக் கிண்ணத்தைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டுச் சொன்னாள். நான்கு வருடம் படுத்த படுக்கையாக இருந்தவளைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, நடுநடுவே தறிக்குழியில் இறங்கிப் புடவையும் நெய்தவள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் கணவன் கதிர்வேல் அதைக் கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஐப்பசி மழையில் அந்த நாய் வந்து சேர்ந்தது. பின்கட்டில் குழாயடிச் சுவரை ஒட்டிச் சுருண்டு கிடந்தது. செம்பட்டை நிறம், தோலுக்கு அடியில் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். துடைப்பத்தைக் காட்டினால் கண்ணை மட்டும் உருட்டியது. எழுந்து ஓடுவதற்குக்கூடத் தெம்பில்லாத ஜீவனை எப்படி விரட்டுவது? ஒரு பிடி சோறு போட்டாள். தின்றது, அப்படியே கக்கியது. மறுநாளும் அதே கதை.

"ஊர்ல வேற வூடே கிடைக்கலயா உனக்கு? கரெக்டா என் வூட்டுக்கு அட்ரஸ் கேட்டுக்கினு வந்தியா?" என்று கத்தினாள். கத்தியபடியே பழைய கோணியை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை கோணியை மாற்றும்போது, வாலுக்கு அடியில் என்னவோ தொங்குவது கண்ணில் பட்டது. அரக்கு நிறத்தில் ஒரு பட்டிழை, விரல் நீளம்.

தறிக்காரியின் கை தலையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. பிசிறாக ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துத்தான் தீரும். இருபத்தைந்து வருடப் பழக்கம். சங்கரி இழையை இரண்டு விரலில் சுற்றி இழுத்தாள். ஒரு சாண் வந்தது. நாய் அலறிய அலறலில் எதிர் வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோனது.

கதிர்வேல் அன்று வீட்டில் இருந்தான். கோணியோடு தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா வெளியே தொங்கிய இழையைக் கத்தரித்துவிட்டு, சங்கரியை ஒரு பார்வை பார்த்தார்.

"இழுத்தீங்களா? இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா உள்ள குடலு மொத்தமும் சுருக்குப் பை மாதிரி சுருங்கிக் கிழிஞ்சிருக்கும்மா. இவ்ளோ நூலை எங்க தின்னுச்சு?"

சங்கரிக்குச் சொல்லாமலே விளங்கியது. அவள் தெருவில்தான் தறிக்குப் போகும் பாவு நூலை நீளமாகக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். அறுந்து விழுந்த இழையெல்லாம் குப்பையோடு ஓரத்தில் கிடக்கும். பசித்த நாய் அதில் காய்ந்திருந்த கஞ்சியை நக்கி, இழையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

"மூணு நாள் ஊசி போட்டுப் பார்ப்போம். வெளிய வரலன்னா ஆபரேஷன்தான், இந்த உடம்பு அதைத் தாங்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ரெண்டே மடக்கு கஞ்சித் தண்ணி. முழுங்கினப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டா நெஞ்சுக்குப் போயிடும்மா."

கடைசியாகச் சொன்னது சங்கரியை எங்கேயோ குத்தியது.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்து பாலாடையை எடுத்தாள். செல்போனில் அலாரம் வைத்தாள். அலாரம் அடித்ததும் தறிக்குழியில் இருந்து ஏறி வருவாள். நாயின் தாடையைத் தூக்கி ஒரு மடக்கு ஊற்றி, தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அசையும்வரை அடுத்ததை ஊற்ற மாட்டாள். பிறகு குழியில் இறங்கினால் நாலு விரற்கடை நெய்வதற்குள் மறுபடி அலாரம். முட்டி விட்டுப்போயிற்று, இடுப்பு தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. "செத்துத் தொலையாதடி, சொல்லிட்டேன்," என்று நாயை மிரட்டுவாள். அது செத்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் இழை தானாக வெளியே வந்தது. அரக்கு, மயில் கழுத்து, நடுவில் ஜரிகை மினுமினுப்பு வேறு. யார் வீட்டு முகூர்த்தப் புடவையில் மிஞ்சியதோ! டாக்டரம்மா போனிலேயே சிரித்தார். இன்னும் ஒரு வாரம் அதே கணக்கில் கஞ்சி கொடுங்கள், அவசரம் வேண்டாம் என்றார்.

"அதான் பொழச்சிக்கிச்சே, நீ இப்டி அழுதுக்கினு உட்கார்ந்திருக்க? இன்னாமா ஆச்சு?" என்றான் கதிர்வேல்.

சங்கரி பாலாடையை மடியில் வைத்திருந்தாள். "ஏங்க, அத்தைக்கு நெஞ்சுல சளி கட்டி ஜுரம் வந்துச்சே, அது சும்மா வரல. அன்னிக்கு முகூர்த்தப் புடவையை முடிச்சுத் தறியில இருந்து அறுத்துக் குடுக்கணும்னு அவசரம் எனக்கு. முதல் வாய் முழுங்கறதுக்குள்ள அடுத்ததை ஊத்திட்டேன். பொரையேறிச்சு. எட்டாம் நாள் போயிட்டாங்க. நான்தாங்க..."

"தெரியும்," என்றான் கதிர்வேல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். சட்டை மாட்டிக்கினு பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். நாலு வருஷத்துல ஒரு நாளு, நீ போய் தறியைப் பாரு, நான் ஊட்டறேன்னு சொன்னனா? எங்கம்மா அவங்க."

சொல்லிவிட்டு அவள் மடியில் இருந்த பாலாடையை எடுத்துக்கொண்டான். சுவரோரம் நின்றிருந்த கட்டிலை விரித்துப் போட்டான். "படு," என்றான். ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டிலை யாரும் தொடவில்லை. சங்கரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு காலை நீட்டினாள். உடம்பு மொத்தமும் வலித்தது.

கதிர்வேல் நாயின் பக்கத்தில் குந்தி, பழக்கமில்லாத கையால் அதன் தாடையைத் தூக்கினான். பாதிக் கஞ்சி அவன் கைலியில் கொட்டியது.

"முழுங்கிச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் சங்கரி.

"இன்னும் இல்லமா."

"அப்ப நில்லுங்க."

அவன் பாலாடையைப் பிடித்தபடி காத்திருந்தான். நாயின் தொண்டை அசைந்தது. அதைச் சொல்ல அவன் திரும்பியபோது சங்கரி தூங்கிப் போயிருந்தாள்.