எல்லை மூடிய வருடத்து அன்னாசி

அலாடாவில் செனாமியின் அன்னாசித் தோட்டத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கணவன் செத்துப்போனபிறகு ஒற்றை ஆளாய் நின்று அதை வளர்த்தாள். நிலம் கணவன் வீட்டாருடையது. அந்த வருட அறுவடையில் நிலத்தின் விலையைக் கொடுத்தால் அவள் பெயருக்கே எழுதித் தருவதாகவும், இல்லையென்றால் கொழுந்தன் கோஜோவுக்குப் போய்விடும் என்றும் பேச்சு. கோஜோவுக்கு அதில் தேக்கு நட ஆசை. நட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் அல்லவா, அவனுக்குத் தோதான பயிர்தான்.

அன்னாசியை அதன் போக்கில் விட்டால் ஒன்று இன்றைக்குப் பழுக்கும், ஒன்று அடுத்த மாதம் பழுக்கும். அதனால் கார்பைடு கல்லைத் தண்ணீரில் கரைத்துச் செடியின் குருத்தில் ஊற்றுவார்கள். எல்லாச் செடியும் ஒன்றாகப் பூத்து, ஊற்றிய ஐந்தாறு மாதத்தில் ஒன்றாகப் பழுத்து நிற்கும். நடுவில் மனசு மாறினாலும் நிறுத்த வழியில்லை. செனாமி எப்போதும் தோட்டத்தை மூன்றாகப் பிரித்து, விட்டுவிட்டுத்தான் ஊற்றுவாள். அந்த வருடம், எல்லைக்கு அந்தப் பக்கம் நைஜீரியாவின் லாகோஸிலிருந்து பழம் வாங்க வரும் வியாபாரி ரசாக்கி, "அக்கா, மொத்தத்துக்கும் ஊத்திடுங்க. அஞ்சு லாரியோட வர்றேன்" என்றான். சொன்ன நாளில் வந்து நிற்கிற மனுஷன். அவனை நம்பி மொத்தத்துக்கும் ஊற்றினாள். தோட்டத்து முகப்பில் எண்ணெய்ப்பனைக் குருத்தோலையைக் குறுக்கே கட்டினாள். ஓலை கட்டிவிட்டால் அது பேசி முடித்த தோட்டம். பிறருக்கு ஒரு பழம்கூட விற்கக் கூடாது.

பழம் திரண்டு நிற்கையில் நைஜீரியா எல்லையை மூடியது. கடத்தல் அரிசியைத் தடுத்து, தங்கள் நெல் விவசாயிகளைக் காக்கிறார்களாம். காக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அன்னாசிக்கும் நெல்லுக்கும் என்ன வாய்க்கால் தகராறு என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரசாக்கி போனில், இந்த வாரம் திறந்துவிடுவார்கள், லாரிகள் செமே எல்லையில் தயாராக நிற்கின்றன என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். இதற்கிடையில் கொட்டோனு நகரத்திலிருந்து சாறு பிழியும் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, பாதி விலைக்குப் பாதித் தோட்டத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். செனாமி ஓலையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓலை கட்டாத தோட்டம் தேடிப் போனார்.

"லாகோஸ் மாப்பிள்ளை இன்னும் வரலையா அண்ணி?" என்று கோஜோ தினமும் கேட்டான்.

"வாக்குன்னா என்னன்னு ஒனக்கு எங்க தெரியும்" என்றாள் அவள்.

பிறகு ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. இந்த ஜாதி அன்னாசி பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். தூரத்தில் பார்த்தால் தோட்டம் அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் போனால் புளித்த வாடையும் ஈயும். ஆடுகள்கூடத் தின்று சலித்துவிட்டன. ஓலையை அவளே அறுத்தெறிந்துவிட்டு, தேறுகிற பழத்தையாவது தள்ளிவிடப் பட்டறைக்காரரைத் தேடிக் கொட்டோனுவுக்கு ஓடினாள். இந்த வருடத்துக்கு வேண்டிய பழம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

வருடம் முடிந்ததும் நிலம் கோஜோவுக்குப் போனது, அவன் தேக்கும் நட்டுவிட்டான். செனாமி கொட்டோனு சாலையோரத்தில் யாரோ விளைவித்த அன்னாசியைத் தோல் சீவி, துண்டு போட்டு விற்றாள். கத்தி ஓடும்போதெல்லாம் வாய் ரசாக்கியைத் திட்டிக்கொண்டே இருக்கும். போனையும் எடுப்பதில்லை பாவி. அவனை நிற்க வைத்துக் கேட்பதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள்.

அடுத்த வருடக் கடைசியில் எல்லையைத் திறந்தார்கள். ரசாக்கியே கூப்பிட்டான். சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் கொட்டினாள். "இப்ப எந்தத் தோட்டத்துக்குடா லாரி கொண்டு வரப்போற? போய்த் தேக்கை வெட்டு" என்று முடித்தாள்.

"லாரி ஏது அக்கா" என்றான் ரசாக்கி. "எல்லாம் வித்தாச்சு. இங்க அரிசி விலை ஏறினதுல, பழம் வாங்குறதையே சனங்க விட்டுட்டாங்க. கடையையும் மூடிட்டேன். ஒங்க பக்கம் மூட்டை தூக்குற வேலை எதுனா இருந்தா சொல்லுங்க."

செனாமி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள். நிலம் போன அன்றுகூட அவள் அழவில்லை. இத்தனை நாள் அவனைத் திட்டித்தான் மனசை ஆற்றிக்கொண்டிருந்தாள். இனி அதற்கும் ஆள் இல்லை.