நான் சொன்னது ஐஸ் ரைட், பள்ளிக்கூடம் திரும்பியது இடப்பக்கம்

1969-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே, முடிச்சூர் போகும் ரோட்டில் இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. நான் ஆறாவதில் சேர்ந்தபோது அங்கே இருந்தது இரண்டே இரண்டு ஓட்டுக் கட்டடம். அப்புறம் வருடத்துக்கு ஒரு கீற்றுக் கொட்டகை முளைத்தது. அப்படியும் இடம் போதாமல், எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு மரத்தடியில் நடந்தது. இரும்புலியூரிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் பிள்ளைகள் நடந்தே வருவார்கள். பெண்பிள்ளைகளும் நிறையச் சேர்ந்துவிட்ட தைரியத்தில்தான் நான் எஸ்.பி.எல்., அதாவது மாணவர் தலைவர் தேர்தலுக்கு நின்றேன். அதுவரை பையன்களே அனுபவித்துவந்த பதவி அது. பதினோரு ஓட்டில் ஜெயித்துவிட்டேன்.

தோற்றவன் முடிச்சூர்ப் பையன், ஃபுட்பால் டீம் கேப்டன். தோற்றவருக்குத் துணைத் தலைவர் பதவி கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். பதவியை வாங்கிக்கொண்டான், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். எனக்கும் அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். இவனுக்கு என்ன இவ்வளவு கொழுப்பு என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்தேன்.

அந்த வருடப் பள்ளி விழாவுக்கு மாவட்டக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. புதுக் கட்டடத்துக்கு அவர்தான் அடிக்கல் நாட்டவேண்டும். அதற்கு முன்னால் மொத்தப் பள்ளியும் அவர் முன் அணிவகுத்துப் போகவேண்டும், மாணவர் தலைவர் முன்னால் நடந்து கமாண்ட் கொடுக்கவேண்டும். டிரில் சாருக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் மிலிட்டரியிலிருந்து வந்தவர். பெண் குரல் மைதானத்தில் எடுபடாது என்று தலைமை ஆசிரியையிடம் என் காதுபடவே சொன்னார். "இந்த வருஷம் பார்ப்போம் சார். சரியா வரலேன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து பையன்களே நிக்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியை. நான் சொதப்பினால் எனக்குப் பின்னால் வரும் அத்தனை பெண்களுக்கும் கதவு மூடிவிடும்!

மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் பாதிப் பேருக்கு வலது எது, இடது எது என்றே தெரியாது. டிரில் சார் அந்தக் காலத்துப் பட்டாள வழக்கப்படி இடது காலில் பனை ஓலைத் துண்டும் வலது காலில் துணியும் கட்டிவிட்டு, "ஓலைக்கால்... சீலைக்கால்..." என்று நடக்கவைத்தார். விருந்தினர் மேடை எங்களுக்கு வலப்பக்கம். மேடையை நெருங்கும்போது நான் "ஐஸ் ரைட்!", அதாவது கண்கள் வலப்பக்கம், என்று கத்தவேண்டும், எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பவேண்டும். தூக்கத்தில்கூட ஐஸ் ரைட் என்று கத்தினேனாம், வீட்டில் என் அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

விழா அன்று காலை கட்டட வேலைக்கு ஜல்லி லாரி வந்தது. மைதானம் முழுக்கக் காலியாகக் கிடக்க, அந்த மகானுபாவன் சரியாக மேடை போடவேண்டிய இடத்தில் மலை மாதிரி கொட்டிவிட்டுப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் மேடையும் ஷாமியானாவும் எதிர்ப்புறம், எங்களுக்கு இடப்பக்கம் போயின. டிரில் சார் அவசரமாக இரண்டு ஒத்திகை பார்த்தார். இரண்டு தடவையும் என் வாயில் "ரைட்" என்றே வந்தது.

"ஏம்மா, லெஃப்ட்டுங்கற வார்த்தையே உன் வாயில வராதா?" என்று கத்தினார்.

மூன்றாவது ஒத்திகைக்கு நேரமில்லை. மத்தியானம் சாப்பிடும்போதும் லெஃப்ட், லெஃப்ட் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அணிவகுப்பு கிளம்பியது. மேடையில் அதிகாரி எழுந்து நின்றார். மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து குரல் எடுத்து, மைதானமே அதிரக் கத்தினேன்.

"ஐஸ் ரைட்!"

கத்தியதோடு விட்டேனா? சல்யூட் அடித்துக்கொண்டே தலையையும் வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினேன். அங்கே ஜல்லிக் குவியல். அதன் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் பதறி எழுந்து, பதிலுக்கு எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

அவ்வளவுதான், உயிரே போய்விட்டது. எனக்குப் பின்னால் நானூறு பேரும் அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜல்லியைப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆனால் மேடைப் பக்கமிருந்து சிரிப்பு வரவில்லை, கைதட்டல் வந்தது. மைதான முனையில் வளையும்போது ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தேன். கடைசி வரிசைகள் அப்போதுதான் மேடையைக் கடந்துகொண்டிருந்தன. ஒரு தலை பாக்கியில்லாமல் அத்தனையும் இடப்பக்கம்! கொடியைப் பிடித்தபடி முதல் வரிசையில் வந்த துணைத் தலைவன் ஒன்றும் அறியாதவன் போல் நேராகப் பார்த்து நடந்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அணி கலைந்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க தப்பா சொன்னாலும் நாங்க கரெக்டா திரும்பிட்டோம், பாத்தீங்களா? ஐஸ்னு கேட்ட உடனே ஓலைக்கால் பக்கம் திரும்புங்கன்னு கொடி பிடிச்சுக்கிட்டு வந்த அந்த அண்ணா மத்தியானமே ஒவ்வொரு கிளாஸா வந்து சொல்லிட்டாங்க."

நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு ரோஷம்தான் வந்தது. நேரே அவனிடம் போனேன். ஏழு மாதத்தில் அவனோடு நான் பேசிய முதல் வார்த்தையே சண்டைதான்.

"நான் தப்பு பண்ணுவேன்னு ஸ்கூல் பூரா சொல்லிட்டு வந்தியா?"

"ஆமா, சொன்னேன். காலைல ரெண்டு தபாவும் ரைட்டுன்னுதானே சொன்னே? நான் பாத்துக்கினுதானே இருந்தேன்."

"நான் சொதப்பினா உனக்கு நல்லதுதானே?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இன்னா பேசறே நீ? பதினோரு ஓட்டு கொறஞ்சு உன்கிட்ட நான் தோத்துட்டேன், அது வேற. ஆபீசர் எதிர்ல நம்ம ஸ்கூலு தோக்கணுமா? நீ கத்தினா மெயின் ரோடு வரைக்கும் கேக்குது, எனக்கு அது வராது. திரும்பறது எங்க வேலை, அதை நாங்க பாத்துக்கினோம்." சொல்லிவிட்டுக் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பின்னால் வந்து நின்ற டிரில் சார் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தலைமை ஆசிரியையும் கூடவே இருந்தார். நான் செத்தேன் என்று நின்றேன். டிரில் சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "மிலிட்டரில பதினஞ்சு வருஷம் இருந்தேன்மா. தப்பான கமாண்டுக்குச் சரியாத் திரும்பின பட்டாளத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். தலைமை ஆசிரியை சிரித்தேவிட்டார். "அப்ப அடுத்த வருஷமும் பொண்ணுங்க நிக்கலாமா சார்?" என்று கேட்டார். "தாராளமா நிக்கட்டும். லெஃப்ட்டு ரைட்டு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு நிக்கட்டும்" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில், அதிகாரி பாராட்டி எழுதிய குறிப்பைப் படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். "மாணவர் தலைவியின் கட்டளைக்கு முழுப் பள்ளியும் ஒன்றுபோல் இணங்கியது" என்று இருந்தது. படித்து முடித்ததும், "இது உண்மை இல்லை. நான் தப்பாச் சொன்னேன், நீங்க சரியாச் செஞ்சீங்க" என்று சொல்லி, துணைத் தலைவனை மேலே கூப்பிட்டு அந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. கண்ணீரை மறைக்க நான் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

பிற்பாடு அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் நான் தவறிய அந்த ஒரு நொடியில் என்னை விட்டுக்கொடுக்காத நானூறு பிள்ளைகளுக்கு ஒரு வருடம் தலைவியாக இருந்தேன் என்பதைத்தான் இன்றைக்கும் என் வாழ்க்கையின் பெரிய பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.