ஒரே சாவியில் எடுக்கும் வண்டி

லாரிக்காரருக்கு உலகத்தில் நம்பிக்கையான சொத்து என்று இருந்தது அந்தப் பழைய லாரி மட்டும்தான். மனைவியையும் நம்புவார், ஆனால் மனைவி திருப்பிப் பேசுவாள். லாரி பேசாது. அப்படிப்பட்ட லாரியும் கொஞ்ச நாளாக முனக ஆரம்பித்திருந்தது. ஓடும்போது குறை சொல்ல முடியாது. சிக்னலில் நின்றால் போதும், குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல உடம்பு முழுக்க நடுங்கும். கண்ணாடி அதிரும், கதவு கடகடக்கும், மிதியிலிருந்து காலை எடுத்தால் பொசுக்கென்று அணைந்துவிடும்.

லாரியை ஓட்டியவர்கள் இரண்டு பேர். காலையில் இவர் மரவாடியிலிருந்து பலகை ஏற்றுவார். மதியத்துக்கு மேல் இவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கிடங்கிலிருந்து டைல்ஸ் ஏற்றுவான். ஒரே வீடுதான். கீழே இவர் குடும்பம், மாடியில் அவன். தெருக்கோடியில் இருந்த காலி மனையில் லாரி நிற்கும். ஆளுக்குப் பாதி நாள், ஆளுக்குப் பாதி வருமானம். வருஷக்கணக்காகச் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடிய ஏற்பாடு அது.

நடுக்கம் வந்ததும் ஏற்பாடும் ஆட்டம் கண்டது. காரணம், லாரிக்காரரின் வாய். வண்டி எடுக்க மரவாடிக்கு வந்த மைத்துனனை வைத்துக்கொண்டே, சுமை ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரும் நிற்க, "மிதிச்சு மிதிச்சே இன்ஜினைக் கெடுத்துட்டான். இவன் கை வச்சது எது உருப்பட்டுச்சு, இது உருப்பட?" என்று சொல்லிவிட்டார். மைத்துனன் முன்பு ஒரு கடை வைத்து நொடித்துப் போனவன். அது ஊருக்கே தெரியும். தெரிந்த விஷயத்தை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்வதில் என்ன வீரம் இருக்கிறதோ, அவருக்கே வெளிச்சம். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றோடு பேச்சும் நின்றது. பிறகுதான் அக்காவிடம் சொன்னான், ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது, வரும் திங்கட்கிழமை சேர்ந்துவிடப் போகிறேன், கம்பெனி பக்கமே அறையும் பார்த்தாகிவிட்டது என்று.

லாரிக்காரர் அதைக் கேட்டு, "போகட்டுமே, யாரு கையைப் பிடிச்சா?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி இல்லாத மாடியை மனைவி எப்படி அண்ணாந்து பார்ப்பாள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவன் போய்விட்டால் யாரோடு பேசாமல் இருப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

இன்ஜினைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். மரவாடி விடுமுறையாக இருந்த ஒரு காலைப் பொழுதில் பானட்டைத் திறந்தார். இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்த்தார், நன்றாக இருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், நடுக்கம் போகவில்லை. அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிற குழாயின் நட்டை லேசாகத் தளர்த்திப் பார்க்கிற சோதனை அது. தளர்த்தினதும் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அதுதான் வேலைக்கள்ளன். ஆனால் மிதியை லேசாக அமுக்கிப் பிடிக்க உள்ளே ஒருவர் வேண்டும். அதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் மாடியில் துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா போய்க் கூப்பிட்டதும் வந்தான். ஏறி உட்கார்ந்தான். இப்போது இரண்டு ஆம்பளைகளுக்கும் நடுவில் அவள் தூது.

"கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கச் சொல்லு."

"தம்பி, கொஞ்சம் அமுக்கிப் பிடிப்பியாம்."

"போதுமான்னு கேளுக்கா."

"போதுமாங்க?"

"போதும்னு சொல்லு."

"இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்றது!" என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கை தூரம்தான் இருக்கு. எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

லாரிக்காரர் காதில் வாங்காதவராக ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி இறுக்கினார். எதைத் தளர்த்தினாலும் சத்தம் இறங்கியது. எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக உழைத்தன. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏர் இழுக்குதோ என்னவோங்க. போன தடவை அப்படித்தானே ஆச்சு?" என்றாள் மனைவி. லாரிக்காரரோடு குடும்பம் நடத்தி அவளுக்கும் பாதி மெக்கானிக் வேலை தெரியும்.

"உளறாதே. டீசல் லைன்ல ஏர் இழுத்தா ராத்திரி நின்னதுமே டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிடும். காலையில பம்ப் அடிச்சு அடிச்சுத்தான் எடுக்கணும். இது ஒரே சாவியில எடுக்குது. தினமும் நான்தானே எடுக்கறேன்?"

உள்ளே மைத்துனன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். மெதுவாக இறங்கி வந்தான். அவரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினான்.

"ஒரே சாவியில எடுக்கலைன்னு சொல்லுக்கா."

"என்னடா சொல்ற?"

"விடியறதுக்குள்ள நான் வந்து பம்ப் அடிச்சு வச்சுட்டுப் போறேன். அதான் அவருக்கு ஒரே சாவியில எடுக்குது."

"தினமும் காலையில நடக்கப் போறேன்னுதானேடா சொல்லிட்டுப் போவ?"

"இங்கதான் நடந்து வருவேன்."

பானட்டுக்கு அடியில் இருந்த கைப்பம்பை லாரிக்காரர் பார்த்தார். அதை விடாமல் அமுக்க நல்ல தோள் வேண்டும். அவருடைய வலது தோள் இறுகிப்போய் வெகு நாளாயிற்று. சட்டை போடவே மனைவி உதவ வேண்டும். டீசல் பில்டர் மாற்றிய மறுநாள் காலை ஒரு தடவை வண்டி மக்கர் செய்தது. அப்போது இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பம்ப் அடித்தது ஞாபகம் வந்தது. பில்டர் மாற்றினால் காற்று சேர்வது சகஜம் என்று விட்டுவிட்டார். அதற்கடுத்த நாளிலிருந்து தொந்தரவே இல்லை.

"பில்டர் மாத்தின மறுநாள் தோளோட பட்ட பாட்டை மாடியிலிருந்து பார்த்தேன்" என்றான் மைத்துனன். இதை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை, பம்பிடம் சொன்னான்.

லாரிக்காரர் குனிந்தார். டேங்கிலிருந்து வருகிற குழாய் பில்டரில் சேரும் இடத்தில் போல்ட்டைக் கழற்றினார். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கக்கூடிய இடம் அதுதான். கழற்றியதும் காப்பர் வாஷர் உள்ளங்கையில் விழுந்தது. பழைய வாஷர். நசுங்கித் தகடாகிப் போயிருந்தது. பில்டர் மாற்றிய அன்று புது வாஷர் கைதவறி எங்கோ உருண்டுவிட்டது. லோடுக்கு நேரமாகிறது என்று தேடாமல் பழையதையே திருப்பிப் போட்டு முடுக்கியவர் அவர்தான். இத்தனை நாளும் இன்ஜினை நடுங்க வைத்தது அவர் கை.

உள்ளங்கையை மூடிக்கொண்டார். மூடியே வைத்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டப்பாவில் இருந்து புதிதாக ஒன்று எடுத்துப் போட்டுவிட்டு, அக்காவும் தம்பியும் சும்மா பதறினீர்கள் என்று சொல்லிவிடலாம். அவருக்கு அப்படிச் சொல்லத் தெரியாதா என்ன? ஆனால் வெட்கமாக இருந்தது. கையை விரித்து மைத்துனன் முன்னால் நீட்டினார்.

"நான் போட்டது. பழசு. உன்மேல பழி போட்டேன்."

அவன் வாஷரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு டப்பாவைத் துழாவிப் புதியதை எடுத்து அவனே போட்டு இறுக்கினான், அவனே பம்ப் அடித்தான். சாவியைத் திருப்பினார் லாரிக்காரர். இன்ஜின் எழுந்து, மிதியை விட்ட பிறகும், நடுக்கம் இல்லாமல் சீராக ஓடியது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அப்படிப் பேசினேனே, அதுக்கு மறுநாளும் வந்து அடிச்சியா மச்சான்?"

"அன்னைக்குத்தான் மாமா ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருந்துச்சு."

லாரிக்காரர் இன்ஜினை அணைத்தார். கீழே இறங்கி அவன் எதிரில் போய் நின்றார்.

"போகாதேடா."

"வண்டி சரியாயிடுச்சே மாமா. இனிமே பம்ப் அடிக்க ஆள் வேண்டாம். அதுக்கு ஆளில்லாம போயிடுமேன்னுதான் போக மனசு வராம இருந்தேன்."

"பம்புக்காக இல்லடா. எனக்காக இரு."

மைத்துனன் கையில் ஒட்டிய டீசலைத் துடைத்தபடி நின்றான். மாடியில் பாதி கட்டிய பெட்டி கிடந்தது. மதியத்துக்கு டைல்ஸ் லோடு காத்திருந்தது.

"என்கிட்டதானே சொல்றீங்க? அக்காகிட்ட இல்லையே?"

"உன்கிட்டதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அவன் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான்.