பேதுருவின் கால்

இன்று வாழவந்தி போகும் பஸ்ஸில் காப்பிப் பழத்தோல் புளித்த வாடை அடித்ததும், இப்போது ரிசார்ட்டாகிவிட்ட எங்கள் எஸ்டேட் கொட்டகையும், அதன் வழுக்கும் தரையும், தகரக் கூரையில் மழை இரைய நடந்த பெரிய வியாழன் நாடக ஒத்திகையும் திரும்பி வந்தன. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன் இயேசு, பழம் பறிப்பவர்களின் பிள்ளைகள் நாங்கள் சீடர்கள், நான் பேதுரு. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும் காட்சி வந்ததும், நாடகம் பழக்கிய கோவில் உபதேசியார் துணியை என்னிடம் நீட்டினார்.

"நீ தம்பி காலைக் கழுவு, கண்ணு."

"ஏனுங்க, சுவிசேஷத்துல இயேசுதானுங்களே கழுவறாரு?"

"ரைட்டர் ஊட்டுப் பையன் உன் காலைத் தொடறதா? நொம்ப பேசாத, சாமி!"

கழுவினேன். மண்ணே படாத கால் அது! இயேசு தன் காலைக் கழுவ வந்தபோது பேதுரு கூச்சத்தில் மறுத்தான் என்று இப்போது வாசித்தாலும் கொதிக்கிறது. மறுப்பதற்காவது அவன் முன்னால் ஒருவர் குனிந்தாரே.