செருப்புக்குக் காவல்

என் நாயை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் முழுமனதாக நம்பினேன். மூன்று வருடத்துக்கு முன், அரையாண்டு விடுமுறையில், தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு நம்பினேன். அரைக் காது போன, சேற்று வாடை வீசுகிற நாட்டு நாயை விமானம் ஏற்றிக் கொண்டுபோக அவர்களுக்கென்ன தலையெழுத்து என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

எனக்கு வலங்கைமான் பக்கம் விவசாயம். நாய் பெயர் ராஜா. நான் வயலில் இறங்கும்போது செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டால், அதன் மேல் முன்னங்காலை வைத்துப் படுத்துவிடும். நான் கரையேறும்வரை அசையாது. கடிக்காது, குரைக்காது; செருப்போடு இருக்கும், அவ்வளவுதான். ஒரு மழையில் வாய்க்கால் செருப்பை இழுத்துக்கொண்டு போனபோது கரையோடு கூடவே ஓடியது. அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தவன் நான்.

அன்று காதுப் புண்ணில் புழு வைத்துவிட்டதென்று அதை நெல் மூட்டை ஏற்றும் வண்டியில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போனேன். மருந்து வைத்தாயிற்று. இவ்வளவு தூரம் வந்தோமே, சாமியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று புத்தி போயிற்று. விடுமுறை என்பதால் கோயில் வாசலில் திருவிழா போலக் கூட்டம். ஒரு மரத்தடியில் என் நீல ரப்பர் செருப்பைக் கழற்றினேன். ராஜா படுத்துக்கொண்டது. வெள்ளைக்கார அம்மா ஒருத்தி படம் எடுத்தாள்.

பக்கத்தில் செருப்புப் பாதுகாக்கும் பெண், "கட்டிப் போட்டுட்டுப் போங்கண்ணே, கூட்டமா இருக்கு" என்றாள்.

"செருப்பு இருக்கிற எடத்துலதாம்மா நம்ம ஆளு இருப்பாரு" என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் செருப்பும் இல்லை, நாயும் இல்லை. அந்தப் பெண்ணையும் காணோம், சாப்பிடப் போயிருந்தாள். ராஜராஜன் கட்டிய கோயில் வாசலில் ஐம்பது வயது ஆள் "ராஜா, ராஜா" என்று கத்தினால் நாயைத் தேடுகிறான் என்று யார் நினைப்பார்கள்? பக்தி முற்றிவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள். அப்போது படம் எடுத்த அந்த அம்மாவும் அவள் புருஷனும் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன். ஓடிப்போய் மறித்து, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது. குரைத்துக் காட்டினேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. இறங்கி வந்து, எடுத்த படத்தைக் காட்டி, என் போனுக்கும் அனுப்பினாள். என் போனில் பூச்சி அரித்த பயிரின் படம் நாற்பது இருந்தது. ராஜாவின் படம் ஒன்றுகூட இல்லை.

அதற்குள் செருப்புக்காரப் பெண் வந்துவிட்டாள். "டூர் வேன்ல வந்த ஒருத்தரு ஒங்க செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டாருண்ணே. நாய் அவரு காலையே பாத்துக்கிட்டுப் பின்னாடி போச்சு. கூப்புட்டுப் பாத்தேன், திரும்பல." வேன் போன திசையைக் காட்டினாள். ஓடினேன்.

கோயிலை ஒட்டி ஓடும் புது ஆற்றின் பாலத்து ஓரத்தில் ஓர் ஆட்டோக்காரர் எதையோ சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஒங்களுதுங்களா?" என்றார். தலையாட்டினேன். "வேன் பின்னாடியே ஓடியாந்துச்சுங்க. பஸ் வந்ததக் கவனிக்கல."

இன்றும் கோயிலுக்குப் போனால் செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுகிறேன். குரைத்துக் காட்டிய கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் அதுவரைக்கும்தான் சொல்வேன். மிச்சத்தை இங்கேதான் எழுதுகிறேன். ராஜாவை யாரும் கடத்தவில்லை. என் செருப்புக்குப் பின்னால் ஓடி, பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போனது.