களஞ்சியச் சுவரில் மஞ்சுவின் பெயர்

செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி, இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வீரமணியின் ஆட்டோவில் ஏறிவிட்டால், அன்று முழுக்க வேறு யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. பாறை சூடேறுவதற்குள் ராஜகிரி ஏறி இறங்கிவிட வேண்டும் என்பான். பிறகு கல்யாண மஹால், யானைக்குளம், வெங்கட்ரமணர் கோயில். மதியம் சாப்பிட்டபின் சிங்கவரம் ரங்கநாதர். வெயில் தாழ்ந்ததும் திருநாதர்குன்று. அங்கே ஒரே பாறையில் செதுக்கிய இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டை சேர்ந்ததிலிருந்து அவனுக்கு ஓய்வே இல்லை. எல்லா இடத்துக்கும் கூடவே வருவான். போன மாசிவரை நெற்களஞ்சியத்துக்குள் மட்டும் வரமாட்டான். உள்ளே வௌவால் நாற்றம் என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொள்வான்.

காரணம் அவன் மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

பன்னிரண்டாவது படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் விளம்பரம் எழுதுகிற ஒருவருக்கு அவன் கூடமாட வேலை செய்தான். ஒருநாள் மீந்த சிவப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு மூன்று நண்பர்களோடு கோட்டைக்குப் போனான். அவர்கள் தோளில் ஏற்றிவிட, களஞ்சியத்தின் உள்சுவரில் ‘வீரமணி - மஞ்சு, வல்லம்’ என்று பெரிய எழுத்தில் எழுதினான். மஞ்சு வல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்து பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்தவள். அவளோடு அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பெயரே தோழி கூப்பிடக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

அவளைக் கோட்டைக்குக் கூட்டிவந்தாயா என்று பையன்கள் கேட்டபோது, அவன் இல்லை என்று சொல்லவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்பு ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

பத்தே நாளில் மஞ்சு பள்ளிக்கு வருவது நின்றது. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வீட்டில் அவளை அடித்தார்கள் என்றும், திருப்பூரில் யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டான். வல்லத்துக்குப் போய், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நான் செய்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவும் செய்தது. உதைப்பார்கள் என்ற பயத்தில் போகவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு கருங்கல் துண்டோடு தனியாகப் போய் அந்த எழுத்தைச் சுரண்டினான். முதலில் தன் பெயரைத்தான் சுரண்டினான். அது முடிந்தபோது காவலாளியின் விசில் கேட்டது. கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன் மறுபடி போகவில்லை. சுவரில் ‘மஞ்சு, வல்லம்’ என்பது மட்டும் நின்றது.

இதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் ஓடிவிட்டது. போன மாசியில், நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்ணும் கல்லூரி முடித்த அவள் மகளும் அவன் ஆட்டோவில் ஏறினார்கள். மகளின் பெயர் நிலா. எதையும் விடாமல் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். வழியில் வீரமணி எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தான். திருப்பூர் என்றாள் நிலா. அம்மாவின் பிறந்த ஊர் இங்கே பக்கத்தில் வல்லம்தான், இங்கேதான் பத்தாவதுவரை படித்தார், ஆனால் கோட்டைக்குள் ஒருநாளும் வந்ததில்லையாம் என்று சொல்லிச் சிரித்தாள்.

கண்ணாடியில் அந்த அம்மாளின் முகத்தை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான். மஞ்சு. அதற்கப்புறம் அவன் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினான்.

மலை ஏறி இறங்கினார்கள். கல்யாண மஹாலில் நிலா படம் எடுத்துக்கொண்டாள். களஞ்சியத்தைக் காட்டாமல் அவன் ஆட்டோவை நோக்கி நடந்தான். மஞ்சு நின்றாள்.

“நெல்லு கொட்டி வச்ச எடம் ஒண்ணு இருக்குதாமே அண்ணா. அத பாக்கணும்.”

வாசலைக் காட்டிவிட்டு அவன் வெளியிலேயே நின்றான். உள்ளே நிலாவின் குரல் கேட்டது. அம்மா, உன் பேரும் ஊரும் இருக்குது பாரு என்றாள். பிறகு மஞ்சு தாழ்ந்த குரலில் பேசினாள். அந்தக் குவிந்த கூரைக்குக் கீழே ஒவ்வொரு சொல்லும் வாசல்வரை வந்தது. எப்போதடி அந்த வீரமணியோடு போனாய் என்று கேட்டுக் கேட்டு நைனா அடித்ததை, போகவே இல்லை என்றதற்கு இன்னும் அடித்ததை, அவன் யார் என்றே தனக்குத் தெரியாததை அவள் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தவர்கள் அவன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். மயக்கமா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் மஞ்சு. அவன் வாங்கவில்லை.

“நான்தாம்மா வீரமணி,” என்றான்.

நிலாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. மஞ்சு பாட்டிலை மூடினாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “உள்ள என் பேரு மட்டும்தான் இருக்குது. உங்க பேரு எங்க?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. மழை ஒழுகி அழிந்துவிட்டது என்றோ, அரசாங்கத்து ஆட்கள் சுரண்டினார்கள் என்றோ சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

“நான்தான் அழிச்சேன். என் பேர மொதல்ல அழிச்சேன். வாட்ச்மேன் வந்துட்டாரு. ஓடிட்டேன்.”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் கூசிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவளைப் போல. பிறகு, “எங்க நைனா உயிரோடதான் இருக்குறாரு. அவருகிட்ட வந்து சொல்லுங்க,” என்றாள். இந்தத் தடவை அண்ணா என்று சொல்லவில்லை.

அவனே அவர்களை வல்லத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். மஞ்சுவின் அப்பா பொன்னுசாமிக்கு எண்பது வயதுக்கு மேல். வேப்பமரத்து நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். வீரமணி மெதுவாகத்தான் ஆரம்பித்தான். கேக்கல, சத்தமா சொல்லு என்றார் அவர். மறுபடி சொன்னான். அதுவும் எட்டவில்லை. மூன்றாம் தடவை கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரி முறத்தோடு வெளியே வந்து நின்றாள். குழாயடியில் பேச்சு நின்றது. உங்க பொண்ணு கோட்டைக்கு வரவே இல்ல, நான் பேசினதுகூட இல்ல, நான்தான் பொய்யா எழுதினேன் என்று, நாற்பத்தேழு வயதில், தெரு கேட்க அவன் கத்தினான்.

பெரியவர் மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. கடைசியில், “சாப்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார். மஞ்சு வீட்டுக்குள் போனாள். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நிலாதான் வந்து, இனி நாங்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள் என்றாள். அவள் குரலில் மரியாதை குறையவில்லை. அதுவே அவனைச் சுட்டது.

சேதி வருவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று வீரமணி நேராக வீட்டுக்குப் போனான். மனைவி கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மகள் அனுவும் இந்த வருடம் பத்தாவதுதான். அந்த அக்கா கடைசிவரை பரீட்சை எழுதவே இல்லையா என்று கேட்டாள். தெரியாது என்றான். கேட்கக்கூட இல்லையா என்றாள். இல்லை என்றான்.

மறுநாள் கோட்டை அலுவலகத்துக்குப் போய், அதை எழுதியது நான்தான் என்று எழுதிக்கொடுத்தான். சுவரில் அவன் கை வைக்கக் கூடாது, ஆட்கள் வரும்போது மருந்து போட்டு அழிப்பார்கள் என்றார்கள். இன்னும் வரவில்லை. சவாரி வருகிறவர்களோடு இப்போது அவன் களஞ்சியத்துக்குள்ளும் போகிறான். அந்தப் பெயர் யாருடையது என்று எப்போதாவது யாராவது கேட்பார்கள். ஒரு பாவமும் அறியாத ஒரு பெண்ணுடையது, எழுதினவன் நான் என்கிறான். சிலர் அதற்குப் பிறகு அவன் ஆட்டோவில் ஏறுவதில்லை.