ஒட்டாத இடம்

எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் 'காந்தம்'. முகத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன் உடம்பில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகடு. ஒட்டாவிட்டால், துருவை மறைத்துப் பட்டி அப்பி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

சந்தேகம் பட்டறையோடு நின்றதா? பாத்திரக் கடையிலும் காந்தம் ஒட்டிய டம்ளர்களாகப் பொறுக்கி வாங்கி வந்தார். சில மாதங்களில் அத்தனையும் கறை பிடித்துப் போயின.

"நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதுங்க. கடைக்காரர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார், கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அவன் ஏன் அவ்வளவு தூரம் சொல்றான்? அதுலதான் எனக்குச் சந்தேகமே."

அந்தக் காந்தம்தான் அண்ணன் தம்பியைப் பிரித்தது. அப்பா ஓட்டிய பழைய வேனை இருவரும் சேர்ந்து சரிசெய்தார்கள். வலப்பக்கம் இவர், இடப்பக்கம் தம்பி. வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்தார் பார்க்க, இடப்பக்கக் கதவுக்கடியில் ஓடும் பட்டைத் தகட்டில் காந்தத்தை ஓட்டினார். ஒரு முழ நீளத்துக்கு அது ஒட்டவே இல்லை.

"அப்பா வண்டியிலேயே பட்டி அப்பிட்டியேடா, பாவி!"

தம்பி கையுறையைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். பதினெட்டு வருடம்!

வேன் பின்கட்டில் மழையில் நனைந்தே கிடந்தது. போன கோடையில் ஒரு மத்தியானம், யாரும் தொடாமலே அதன் தரைத் தகடு பெயர்ந்து தடாலென்று விழுந்தது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர், அன்றே வேலையைத் தொடங்கினார். தரை, கூரை, தான் கட்டிய வலப்பக்கம், எல்லாம் துருவில் சல்லடையாகியிருந்தன. அத்தனையையும் வெட்டி எறிந்தார். தம்பியின் பக்கத்தை மட்டும் தொடவில்லை. அதைப் பார்க்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வேனுக்கு இப்போது யார் சாமான் செய்கிறார்கள்? பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தார். ஆச்சரியம், ஒவ்வொன்றாக வந்தன. விளக்கு வளையம், கதவுப் பிடி, கண்ணாடி ரப்பர். எல்லாம் அளவெடுத்ததுபோல் பொருந்தின.

"யார்யா குடுக்கறது?"

"அண்ணே, அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பேரைக் கேட்டா சாமான் வராது."

"திருட்டுச் சாமானா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

காந்தத்துக்குத் தூக்கம் போயிற்று. போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று விளக்கு வளையத்தைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். இரும்புக் கடைக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக யோசித்தார்.

கடைசியாக வந்தது முன்கதவு. அன்று காலைதான் தம்பியின் பட்டைத் தகட்டையும் வெட்டிவிடுவதென்று முடிவுசெய்து, சாக்பீஸால் கோடு போட்டு, கட்டரைக்கூட எடுத்து வைத்திருந்தார். கதவில் காந்தத்தை ஓட்டினார். கீழ் மூலையில் ஒட்டவில்லை.

"பார்த்தியா! பட்டி! எனக்கு அப்பவே தெரியும்!"

"ஒட்டலைன்னா எல்லாம் மட்டமா? டம்ளர் கதை மறந்து போச்சா? சுரண்டிப் பார்த்துட்டுக் கத்துங்க" என்றாள் மனைவி.

அவள் வாயை அடைக்கவே சுரண்டினார். பட்டித் தூள் உதிரவில்லை. வெள்ளிபோல் ஒரு கோடு மின்னியது. நகம் அழுந்தியது.

ஈயம். உருக்கி, மரக்கட்டையால் வெண்ணெய்போல் தடவி, அரம் போட்டுச் சமன் செய்த ஈயம். பட்டி அரை மணி வேலை. இது இரண்டு நாள் வேலை. காந்தம் இதில் ஒட்டாது. துருவும் லேசில் அண்டாது.

சின்ன வயதில் தம்பி இதைப் பழகியபோது, "ஈயம் பூச நீ என்ன பாத்திரக்காரனா?" என்று கேலி செய்தவர் இவரேதான். அத்தோடு அவன் விட்டுவிட்டான் என்றே நினைத்திருந்தார்.

கால்கள் தாமாகப் பின்கட்டுக்கு நடந்தன. சாக்பீஸ் கோட்டுக்கு நடுவே சுரண்டினார். அங்கேயும் அதே வெள்ளி! பதினெட்டு மழைக்காலம் கடந்தும், அந்த ஒரு முழத்தில் மட்டும் துரு இல்லை.

கட்டரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் கடைக்கு ஓடினார்.

"பேரைக் கேட்க மாட்டேன்யா. ஃபோனைப் போட்டு மட்டும் குடு."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் போதும். காந்தத்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

"சாமான்ல குறையா?" என்றது குரல்.

"ஆமாம். ஒரு ஆள் குறையுது. இடது பக்கத்துக்கு."



"காந்தம் வெச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்டா... ஒட்டலை."

"அதைத்தான் அன்னிக்கே ஊரைக் கூட்டிச் சொன்னியே. சுரண்டிப் பார்த்தியா, அண்ணா?"

"இன்னைக்குத்தான்டா. இன்னைக்குத்தான் சுரண்டினேன்."  கடை நடுவே, துருப்பிடித்த இரும்புக் குவியலின் மேல் உட்கார்ந்து விம்மினார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அதட்டல்:

"வெல்டிங்கை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடாதே. சூடு பட்டா ஈயம் ஒழுகிடும். நான் வர்றேன். என் கையுறை இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

"ஸ்டூல் மேலேயே இருக்கு" என்றார் அண்ணன்.